காலுக்குக் காப்பு இருக்கு, மூளைக்கு?

உதைபந்தாட்டம் என்றுதான் பெயர். உதைக்கிறது கால். ஆனால் வேகமாக வாற பந்தைத் தலையால் முட்டுறது ஒரு திறமை என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்குடுக்கிற விளையாட்டும் இதுதான். கிரிக்கெட்டில் பந்து தலையில் பட்டால் ஆட்டத்தை நிறுத்தி, ஆளைப் பரிசோதிச்சுப் பார்த்திட்டுத்தான் மிச்சம். இங்கே பந்து தலையில் பட்டால் "நல்ல ஹெட் மச்சான்!" என்று கை தட்டுறம்.

1990இல் இருந்து சின்காட் இல்லாமல் போட்டியில் இறங்க விதி விடாது. கணைக்கால் எலும்பு உடைஞ்சால் பத்துப் போட்டு, மாவு கட்டி, சில மாதத்தில் பொருந்தி வந்துவிடும். மூளையின் நரம்புக்கலங்கள் அப்பிடிப் பொருந்தி வராது. பொருந்துற எலும்புக்குக் காப்பு, பொருந்தாத மூளைக்கு ஒண்டுமில்லை. இதை யாராவது நியாயம் என்று சொல்ல முடியுமா?

நான் சொல்ல வாறது இதுதான். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் உதைபந்தாட்டத்தில், பயிற்சியிலும் சரி போட்டியிலும் சரி, பந்தைத் தலையால் அடிப்பதை முற்றாக நிறுத்த வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களுக்குப் பயிற்சியில் எத்தனை தரம் என்று கணக்கு வைக்க வேண்டும். "உதெல்லாம் வெள்ளைக்காரன்ர பயம்" என்று சிரிக்கிறவர்கள் முதலில் ஒரு மனிதரின் கதையைக் கேளுங்கோ.

ஜெஃப் ஆஸ்டில் என்று ஒருவர் இருந்தார். இங்கிலாந்தின் வெஸ்ட் பிரொம்விச் அல்பியன் கழகத்தின் முன்வரிசை வீரர். 1968 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் எவர்ட்டனுக்கு எதிரான ஒரே கோலை அடித்துக் கிண்ணத்தை வாங்கிக்குடுத்தவர். அந்தக் கோல் காலால் அடிச்சது. ஆனால் அவரைப் பெரிய ஆளாக்கினது தலை. உயரத்தில் வாற பந்தை முட்டி அடிக்கிறதில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. விளையாட்டை விட்ட பிறகு ஜன்னல் கண்ணாடி துடைக்கிற தொழில் செய்தார். அந்தக் காலத்து வீரர்களுக்கு இப்ப மாதிரிக் கோடிக்கணக்கில் சம்பளம் இல்லை. 2002 ஜனவரியில், 59 வயதில், டிமென்சியா வந்து செத்துப்போனார். அந்த வருடமே மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார்: இது தொழிலால் வந்த நோய். திரும்பத் திரும்பப் பந்தைத் தலையால் அடித்ததால் மூளை பழுதாகியிருக்கு. சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் போற மாதிரி, இவருக்கு மூளை போயிருக்கு. 2014இல் டொக்டர் வில்லி ஸ்டுவர்ட் அவருடைய மூளையைத் திரும்ப ஆராய்ந்தபோது, குத்துச்சண்டை வீரர்களின் மூளையில் காணப்படுகிற சி.ரி.ஈ. என்ற சிதைவு அங்கே இருந்தது.

தீர்ப்பு வந்தது 2002. அந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் விடை தந்த ஆய்வு வெளிவந்தது 2019. இடையில் 17 வருடம். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தலையால் முட்டி முட்டியே வளர்ந்துவிட்டார்கள்.

அந்த 2019 ஆய்வையும் வில்லி ஸ்டுவர்ட் தலைமையில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில்தான் செய்தார்கள். ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரை, அதே வயதும் அதே பின்னணியும் கொண்ட 23,000 வரையான பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். இருதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் செத்தவர்கள் வீரர்களில் குறைவு. அதாவது ஓடி விளையாடுறது உடம்புக்கு நல்லது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூளை நரம்புச் சிதைவு நோயால் சாகிற ஆபத்து வீரர்களுக்குக் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு கூட. இருதயத்துக்கு நல்லதைச் செய்கிற அதே விளையாட்டு மூளையை ஏன் தின்னுது?

விடை 2021இல் வந்த தொடர் ஆய்வில் இருக்கு. யார் எந்த இடத்தில் நின்று விளையாடினார்கள் என்று பிரிச்சுப் பார்த்தார்கள். பந்தை அதிகம் தலையால் அடிக்கிற பின்வரிசைப் பாதுகாப்பு வீரர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. பந்தைக் கையால் பிடிக்கிற கோல் காப்பாளருக்குப் பொதுமக்களோடு ஒப்பிடுகையில் தெளிவான வித்தியாசம் இல்லை. அதே மைதானம், அதே பயிற்சி, அதே சாப்பாடு, அதே குடி. வேறுபடுவது தலை மட்டும்தான். 2023இல் சுவீடன் முதற்பிரிவு வீரர்கள் 6,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஆபத்தின் அளவு குறைவு, ஒன்றரை மடங்குதான். ஆனால் அங்கேயும் கோல் காப்பாளர்களில் அந்தக் கூடுதல் தெரியவில்லை. இரண்டு நாடு, இரண்டு ஆய்வு, இரண்டிலும் கோல் காப்பாளர் தப்புகிறார். இதுக்கு மேலே என்ன சாட்சி வேணும்?

"நான் எத்தனை வருசமா ஹெட் அடிக்கிறன், ஒரு நாளும் மயங்கி விழேல்லை" என்று ஒரு கதை எப்பவும் வரும். இங்கதான் பிழை இருக்கு. மயங்கி விழுகிற அடியைப் பற்றி மட்டும் நாங்கள் கதைக்கேல்லை. மண்டை ஓட்டுக்குள் மூளை இறுக்கிப் பூட்டின சாமான் இல்லை, திரவத்துக்குள்ளே இருக்கிற மெதுமையான உறுப்பு. பஸ்ஸில் மடியில் சட்டித் தயிரை வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கோ. சாரதி திடீரெண்டு பிரேக் அடிச்சால் சட்டி உடையாது, ஆனால் உள்ளே தயிர் கலங்கிவிடும். ஒரு தரம் கலங்கினால் பெரிசாத் தெரியாது. பத்து, பதினைந்து வருடம், கிழமைக்கு நாலு நாள் கலங்கினால்? ஹெல்மெட் போட்டால் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கும் இதுதான் பதில். சட்டிக்கு மேலே துணி சுற்றினால் தயிர் கலங்காமல் நிற்காது.

அடுத்த வாதம்: "அது பழைய தோல் பந்து. மழையில் நனைஞ்சால் கல்லு மாதிரி. இப்ப பந்து பாரமில்லை." இது பாதி உண்மை. தோல் பந்து தண்ணியை உறிஞ்சும் என்றது சரி. ஆனால் காய்ந்த பந்தின் நிறை அப்பவும் இப்பவும் ஒன்றுதான், 410 முதல் 450 கிராம். இப்போதைய பந்து தண்ணி உறிஞ்சாது, ஆனால் வேகமாகப் பறக்கும். வேகம் கூடினால் அடியும் கூடும். 2021 ஆய்விலும் எந்தக் காலத்தில் விளையாடினார்கள் என்பதால் ஆபத்து மாறவில்லை. எத்தனை வருடம் விளையாடினார்கள் என்பதால்தான் மாறியது.

பிறகு வாறது ரசிகரின் வாதம்: "தலையால் அடிக்காத உதைபந்தாட்டம் ஒரு உதைபந்தாட்டமா?" 1998 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸிடான் கோர்ணரில் இருந்து வந்த பந்துகளைத் தலையால் முட்டிப் போட்ட இரண்டு கோல், 2014இல் ஸ்பெயினுக்கு எதிராக வான் பெர்சி பறந்து போய் அடித்த கோல், இதெல்லாம் அழகுதான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் இந்த விளையாட்டின் விதிகள் வானத்தில் இருந்து இறங்கினவை இல்லை. 1912 வரைக்கும் கோல் காப்பாளர் தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம். 1992 வரைக்கும் தன் அணிக்காரன் காலால் தட்டிக்குடுத்த பந்தையும் கையில் எடுக்கலாம். இரண்டையும் மாற்றினார்கள். உதைபந்தாட்டம் செத்தா போச்சு? அதோடு, எட்டு வயதுப் பெடியன் கோர்ணரில் ஸிடான் மாதிரி எழும்பாததால் யாருடைய அழகுணர்ச்சியும் கெட்டுப்போகாது.

"சின்ன வயதில் பழக்காட்டில் வளர்ந்த பிறகு பிழையாக முட்டி இன்னும் மோசமாக அடிபடுவான்" என்று பயிற்றுவிப்பாளர்கள் சொல்லுவார்கள். இது கொஞ்சம் மதிக்க வேண்டிய வாதம். ஆனால் தலையடியில் கடினமானது நெற்றியைக் குடுக்கிறது இல்லை. பந்து எங்கே விழும் என்று கணிக்கிறது, நேரம் பார்த்து எழும்புறது, எதிராளியோடு மோதாமல் இறங்குறது, இதுகள்தான் வித்தை. இதெல்லாம் பலூனிலும் பழகலாம், காற்றுக் குறைந்த கடற்கரைப் பந்திலும் பழகலாம். மிச்சத்தைப் பதின்மூன்று வயதில், கழுத்துத் தசை கொஞ்சம் பலப்பட்ட பிறகு, நிறுத்தி நிதானமாகப் பழக்கலாம். சின்னப் பிள்ளைக்கு உடம்போடு பார்க்கையில் தலை பெரிசு, கழுத்து மெல்லிசு, மூளை இன்னும் வளருது. எத்தனை தரம் முட்டினால் பாதுகாப்பு என்று சொல்ல ஒரு எண் இதுவரை ஒருவரிடமும் இல்லை. எண் தெரியாத இடத்தில் பிள்ளைக்குச் சரியான எண் பூச்சியம்.

மற்ற நாடுகள் என்ன செய்திருக்கினம்? அமெரிக்காவில் 2015இல் 10 வயதுக்கும் அதற்குக் கீழும் தலையால் அடிக்கத் தடை என்று அறிவித்தார்கள். அங்கே சங்கத்துக்குத் தானாக ஞானம் பிறக்கவில்லை. பெற்றோரும் வீரர்களும் நீதிமன்றத்துக்குப் போனதால் வந்த தடை அது. 2020இல் ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து, வட அயர்லாந்து மூன்றும் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையடி வேண்டாம் என்றன. 2024/25 பருவத்தில் இருந்து இங்கிலாந்து போட்டிகளிலும் வேணுமென்று தலையால் அடிப்பதைப் படிப்படியாக நிறுத்துகிறது. முதலில் 7 முதல் 9 வயதுக்குட்பட்டோர் பிரிவுகள், பிறகு 10, பிறகு 11. மீறினால் எதிரணிக்கு மறைமுகச் சுயாதீன உதை. அவ்வளவுதான்.

இனி எங்கட பக்கம் திரும்புவம். லண்டனில் இருக்கிற சித்தப்பாவின் மகன் ஒன்பது வயதுப் பிரிவில் விளையாடுகிறான் என்று வையுங்கோ. அவன் தலையால் அடிச்சால் மத்தியஸ்தர் விசில் ஊதுவார். அதே வயதில் இங்கே, குருநகரிலோ மன்னாரிலோ, பெரியவர்கள் விளையாடுகிற அதே ஐந்தாம் அளவுப் பந்தைத் தலையால் முட்டுகிற மச்சானுக்குக் கை தட்டுறம். இரண்டு பேரின் மண்டைக்குள்ளும் இருக்கிறது ஒரே மாதிரி மூளைதானே? கடவுச்சீட்டைப் பார்த்தா டிமென்சியா வாறது?

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கு. பிள்ளையின் மூளையைப் பற்றி எங்களைவிடக் கவலைப்படுகிற சமூகம் உலகத்தில் இருக்கா தெரியாது. ஞாபகசக்திக்கு வல்லாரைச் சம்பல். புலமைப்பரிசில் பரீட்சைக்கு விடிய ஐந்து மணி ரியூசன். ஒரு புள்ளி குறைஞ்சால் வீட்டில் செத்தவீடு. அந்தப் பத்து வயதுத் தலையைப் பின்னேரம் மைதானத்தில் கொண்டுபோய்ப் பந்துக்குக் குடுக்கிறம்.

பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இன்னும் கூடப் பொருந்தும். தெல்லிப்பழை மகாஜனாவின் பிள்ளைகள் பெண்கள் உதைபந்தாட்டத்தில் வாங்கித்தந்த பெருமை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய ஒரே அளவு தரம் பந்தைத் தலையால் அடித்த 49 ஆண்களையும் 49 பெண்களையும் ஒப்பிட்டார்கள். இவர்கள் தொழில்முறை வீரர்கள் இல்லை. மூளையின் வெள்ளைப் பகுதியில் மாற்றம் காணப்பட்ட அளவு பெண்களில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. பெண்கள் உதைபந்தாட்டத்தை வளர்க்கிறம் என்று மேடையில் கதைக்கிறவர்கள் இதையும் கதைக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் முழுத் தடை வேணுமா? என்னைக் கேட்டால், போட்டியில் இப்போதைக்கு வேண்டாம். வளர்ந்த ஆள் தெரிஞ்சு எடுக்கிற ஆபத்து வேறு, பிள்ளைக்கு நாங்கள் குடுக்கிற ஆபத்து வேறு. ஆனால் "தெரிஞ்சு" என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்க வேண்டும். நாற்பது வருடத்துக்குப் பிறகு தன்ர பிள்ளையின்ர பெயரே நினைவு வராமல் போகலாம் என்று ஜெஃப் ஆஸ்டிலுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 1966இல் இங்கிலாந்துக்கு உலகக் கிண்ணம் வென்று குடுத்த பதினொரு பேரில் ஐந்து பேருக்கு டிமென்சியா வந்தது. இன்று முன்னாள் வீரர்களும் குடும்பங்களும் அங்கே உதைபந்தாட்டச் சங்கத்துக்கு எதிராக வழக்கு நடத்துகினம். மூளைக்கு விழுகிற அடியில் பெரும்பங்கு போட்டியில் இல்லை, பயிற்சியில்தான். அதனால்தான் 2021இல் இங்கிலாந்துத் தொழில்முறைக் கழகங்களுக்குப் பலமான தலையடி கிழமைக்குப் பத்துத்தான் என்ற வழிகாட்டல் வந்தது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற வீரனுக்கே பத்து என்றால், ஊர்க் கழகத்தில் ஒரே பின்னேரத்தில் ஐம்பது தரம் கோர்ணர் போட்டு முட்டப் பழகுகிற பெடியனுக்கு எத்தனை?

இதற்கு ஒருவரின் சுற்றறிக்கைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, காசும் தேவையில்லை. கழகங்களில் இருக்கிற அண்ணாமார், உடற்கல்வி ஆசிரியர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாற அப்பாமார் சேர்ந்து நாலு விசயம் செய்யலாம். பன்னிரண்டுக்குக் கீழே தலையடி இல்லை என்று முடிவெடுங்கோ. ஊர்ச் சுற்றுப்போட்டியிலும் அதை விதியாகப் போடுங்கோ. சின்னப் பிள்ளைகளுக்கு நாலாம் அளவுப் பந்தைக் குடுங்கோ. பெரியவர்களின் பயிற்சியில் தலையடிக்குக் கிழமைக்கு ஒரு நாள், பத்துத் தரம் என்று எண்ணுங்கோ. தலையில் அடிபட்டவன் "எனக்கு ஒண்டுமில்லை" என்று எவ்வளவு வீரம் கதைச்சாலும் அன்று திரும்ப இறக்காதேங்கோ.

பந்து உயர வந்தால் பிள்ளை என்ன செய்யிறது என்று கேட்பீர்கள். நெஞ்சால் வாங்கிக் காலுக்கு இறக்கச் சொல்லிக்குடுங்கோ. அதுவும் லேசில் வராத வித்தைதான்.