மடியில் நனைந்த திறப்பு

பிறருக்குப் பாடம் சொல்பவனுக்கும் பாடம் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியிலே பௌதிகவியல் கற்பித்து வரும் எமக்கு, அத்தகைய பாடமொன்று சென்ற ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியருகே கிடைத்தது. வாசகர்களுக்கும், சிறப்பாக மாணவர்களுக்கும், அது பயன்படக்கூடும் என்பதால் இவ்வாரம் அதனையே எழுதுகின்றோம்.

தந்தையார் காலமான நாள்முதல் ஆண்டுதோறும் அத்தினத்திற் கீரிமலையில் நீராடி அவருக்குரிய கடனைச் செலுத்துவது எமது வழக்கம். இம்முறை வயது முதிர்ந்த எமது தாயாரும் உடன் வந்தார். காரைப் பூட்டித் திறப்பை வேட்டி மடியிற் செருகிக்கொண்டோம். நீராடிக் கடன் முடித்துத் திரும்பிவந்து பொத்தானை அழுத்தியபோதுதான், நாம் மூழ்கிய போதெல்லாம் திறப்பும் எம்முடன் மூழ்கியது நினைவுக்கு வந்தது. எத்தனை முறை அழுத்தியும் கார் அசையவில்லை. ஜப்பானிலிருந்து பழைய காராக வந்த அதற்கு இருந்தது ஒரேயொரு றிமோட் திறப்பு. மற்றொன்று செய்விக்க வேண்டுமென்று மனைவியார் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். நாமும் "பார்ப்போம்" என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்தோம்.

தாயார் நீரிழிவு நோயாளர். காலையில் மருந்தை எடுத்துக்கொண்டவர், கடன் முடியுமட்டும் ஒன்றும் உண்ணமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். அவருடைய உணவும் மருந்துப் பையும் காருக்குள்ளே கண்ணாடிக்கு அப்பாற் கிடந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் முகத்திலே வியர்வை அரும்பியது, கை நடுங்கலாயிற்று. அயலிலே நின்ற ஓர் அம்மையார் இரங்கி வாழைப்பழமும் சீனி போட்ட தேநீரும் கொடுத்தமையால் பெருந்தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் பத்தடி தூரத்தில் எல்லாம் இருக்க, பெற்ற தாய்க்குப் பிறரிடம் இரந்து கொடுக்க நேர்ந்ததே என்ற வெட்கம் எம்மை வாட்டியது. கண்ணாடியை உடைத்துவிடுவோமா என்று கல்லைத் தேடும் நிலைக்கும் வந்துவிட்டோம்.

அவ்வேளை, முச்சக்கர வண்டியொன்றின் சாரதியான இளைஞர் ஒருவர் அருகே வந்தார். "மாஸ்ரர், பதறாதையுங்கோ. அம்மாவை நிழலிலை இருத்திப்போட்டுத் திறப்பை இங்கை தாங்கோ பாப்பம்" என்றார். வாங்கியவர் அதன் விளிம்பிலிருந்த சிறிய கொழுவியை நகத்தால் நெம்பினார். உள்ளேயிருந்து மெல்லிய இரும்புத் திறப்பொன்று வெளியே வந்தது! கதவின் கைபிடியருகே மூடியொன்றின் கீழ் மறைந்திருந்த துவாரத்தில் அதனை இட்டுத் திருப்பினார், கதவு திறந்துகொண்டது. பின்னர் எம்மைச் சாரதி ஆசனத்தில் இருத்தி, பிறேக்கை மிதித்தபடி, நனைந்த திறப்பின் முதுகை ஸ்ரார்ட் பொத்தானில் ஒட்டிப் பிடிக்குமாறு சொன்னார். சிறிய ஓசை ஒன்று கேட்டது. பொத்தானை அழுத்தினோம், எஞ்சின் இயங்கியது.

"தம்பி, பற்றரி செத்த திறப்பு எப்படி வேலை செய்தது?" என்று கேட்டோம். "அது தெரியாது மாஸ்ரர். கராச்சிலை நிக்கேக்கை பாத்தது. நான் பத்தாம் வகுப்போடை நிண்டவன்" என்று சொல்லிவிட்டுத் தம் வழியே போய்விட்டார்.

அவருக்குத் தெரியாத விடை எமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிலே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைகின்றவர் நாமே. ஸ்ரார்ட் பொத்தானைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. திறப்பினுள்ளே மற்றுமொரு நுண்ணிய சுருளும் அதனோடு இணைந்த சில்லும் உண்டு. முதற் சுருளில் மாறிச் செல்லும் மின்னோட்டம் இரண்டாவதிலே மின்னைத் தூண்டுகின்றது. அந்தச் சிறு மின்னே சில்லை உயிர்ப்பித்து அதன் இரகசியக் குறியீட்டைச் சொல்ல வைக்கின்றது. இதற்குப் பற்றரி தேவையில்லை. நாம் கற்பித்த விதி எமது மடியிலேயே இருந்தும் அதனை நாம் அறியவில்லை.

ஆகவே, இன்றைய திறப்பு ஒன்றல்ல, மூன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, கதவைத் திறக்கும் இரும்பு. இரண்டு, தூரத்திலிருந்து பூட்டவும் திறக்கவும் பற்றரியால் இயங்கும் வானொலிச் செலுத்தி. தூரத்திலிருந்து பூட்டித் திறக்கும் முறையைப் பிரான்ஸின் றெனோல்ட் நிறுவனம் 1982ஆம் ஆண்டளவில் ஃபுவேகோ என்ற காரில் அறிமுகப்படுத்திற்று. மூன்று, எஞ்சினை இயக்க அனுமதி தரும் சில்லு. கார்த் திருட்டைத் தடுக்கும் பொருட்டு, ஐரோப்பாவிலே 1998 ஒக்டோபர் தொடக்கம் புதிய கார்களில் இத்தகைய காவல் கட்டாயமாக்கப்பட்டது. இம்மூன்றில் எது பழுதாயிற்று என்று அறியாமல் பணத்தைச் செலவிடுவது, நோயறியாமல் மருந்து உண்பதை ஒக்கும்.

திறப்பை அருகிற் கொண்டுபோய் அழுத்தினால் மாத்திரமே கார் திறக்குமாயின், பெரும்பாலும் பற்றரியே நலிந்திருக்கும். பல திறப்புக்களில் இருப்பது சீ.ஆர். 2032 என்னும் வட்டப் பற்றரி. அந்த இலக்கத்திலேயே அதன் அளவு அடங்கியுள்ளது; விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். மாற்றிய பழைய பற்றரியை மேசைமேல் வைத்துவிடலாகாது. குழந்தையொன்று அதனை விழுங்கி அது தொண்டைக்குக் கீழே உணவுக் குழாயிற் சிக்குமாயின், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அவ்விடத்தைக் கடுமையாக எரித்துவிடக்கூடும். வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

உறை உடைந்து பொத்தான் தேய்ந்திருந்தால் வெற்றுறையை மாத்திரம் வாங்கி உள்ளிருப்பதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய மாதிரித் திறப்புக்கள் சிலவற்றிலே சில்லு தனியாக உறையின் ஒரு மூலையிலே பதிந்திருக்கும். அதனைக் கவனியாது பழைய உறையைக் குப்பையில் எறிந்துவிட்டு, கார் இயங்கவில்லையே என்று தலையில் கைவைத்தோர் பலர். நீரில் நனைந்தாலோ, பற்றரியை உடனே கழற்றிவிட்டு, நிழலிலே நன்றாக உலரவிட வேண்டும். நாம் அவ்வாறு செய்யாமல் வீடு வரும்வரை பொத்தானை மாறி மாறி அழுத்திக்கொண்டே வந்தோம். சில நாட்களில் உள்ளிருந்த தகட்டிலே பச்சைக் களிம்பு ஏறி, செலுத்தி முற்றாக ஓய்ந்துபோயிற்று. சில்லு மட்டும் தப்பிப் பிழைத்தது.

அந்தச் சில்லே எமது பணத்தையும் காத்தது. புதிய திறப்பைப் பதிந்து தர வந்த தொழிலாளி, ஸ்ரியறிங்கின் கீழேயுள்ள பொருத்தியில் தமது கருவியை இணைத்தபடியே எமக்கு விளக்கம் தந்தார். கார் அறிந்த திறப்பொன்று கையில் இருந்தால், அதன் சாட்சியோடு மற்றொன்றைப் பதிவது இலகு. ஒன்றுமே இல்லையெனின் காரின் நினைவகத்தையே புதிதாக அமைக்க வேண்டிய நிலை பல வகைக் கார்களில் உண்டு. செலவும் பல மடங்காகும். வேறு காரிலிருந்து கழற்றிய பழைய திறப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதும் ஆபத்து. பல திறப்புக்கள் முதலிற் பதிந்த காரோடு கட்டுண்டவை. மேலும் ஜப்பானியச் சந்தைக்குரியவை 315 மெகாஹேட்ஸை அண்டியும், ஐரோப்பாவுக்குரியவை பெரும்பாலும் 433.92 மெகாஹேட்ஸிலும் பேசுவன. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தாலும் ஒன்றின் மொழி மற்றதன் காருக்கு விளங்காது.

திறப்புத் தொலைந்தேபோனால் இன்னுமொரு கடமை உண்டு. புதியதைப் பதியும்போதே, தொலைந்ததைக் காரின் நினைவிலிருந்து அழித்துவிடும்படி கேட்க வேண்டும். அழித்துவிட்டால், கண்டெடுத்தவன் கையில் அது வெறும் பிளாஸ்ரிக் துண்டு. ஆனால் உள்ளிருக்கும் இரும்பு இன்னும் கதவைத் திறக்கும் என்பதை மறந்துவிடலாகாது. பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கேளாமலே திறப்புச் செய்துதர முன்வருவோரிடம் போகாதிருப்பதே நன்று. இன்று எமக்குச் செய்பவர், நாளை எமது காருக்கு வேறொருவருக்கும் செய்துகொடுப்பார் அன்றோ?

எமது நாட்டிலே இது பல குடும்பங்களைத் தொடும் விஷயம். 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் இருந்த காரையே பேணி வந்த வீடுகள் அநேகம். காரோடு திறப்பும் மூப்படைந்தது. ஒற்றைத் திறப்போடு காலங்கழிக்கும் அன்பர்கள், அது நலமாக இருக்கும் இன்றைக்கே இரண்டாவதைச் செய்வித்துவிடுக. பழைய கார் வாங்குவோர், எத்தனை திறப்புக்கள் பதியப்பட்டுள்ளன என்று பணம் கொடுக்கும் முன்னரே கேட்டறிக. அத்துடன் உங்கள் திறப்பினுள் ஒளிந்திருக்கும் இரும்பை ஒருமுறையேனும் வெளியே இழுத்து, கதவிலே இட்டுத் திருப்பிப் பாருங்கள், வீட்டாருக்கும் காட்டிக்கொடுங்கள்.

நனைந்து கெட்ட அந்தத் திறப்பின் செலுத்தித் தகடு இப்போது எமது வகுப்பறை மேசையிலே இருக்கின்றது. மின்காந்தத் தூண்டலைக் கற்பிக்கும் நாளில் மாணவர் கையிலே அதனைக் கொடுத்து, பத்தாம் வகுப்போடு நின்ற ஒருவர் எமக்குப் பாடம் சொன்ன கதையையும் மறைக்காமற் சொல்லுகின்றோம். புதிய திறப்புக்கள் இரண்டில் ஒன்று எம்மிடம் உள்ளது. மற்றையதைத் தாயார் வாங்கித் தமது மருந்துப் பெட்டியினுள்ளே வைத்துக்கொண்டார்.

"இது என்னட்டை இருக்கட்டும் தம்பி. நீ கேணியிலை இறங்கிற ஆள்" என்றார்.

நாம் மறுத்துப் பேசவில்லை.