நம் நிலமே பாலையாகும்போது

“இப்படியெல்லாம் நம் நாட்டில் நடக்குமா?” ‘லைலா’ தொடரைப் பார்த்தோரிடம் எழுந்த முதல் கேள்வி இதுவே. 2019 ஜூன் 14 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான இந்த ஆறு பகுதித் தொடர், பிரயாக் அக்பர் 2017இல் வெளியிட்ட ஆங்கில நாவலைத் தழுவியது. தீபா மேத்தா, சங்கர் ராமன் ஆகியோருடன் நமது பெங்களூருவின் கன்னடத் திரைப்பட இயக்குநர் பவன் குமாரும் இதனை இயக்கினார்.

காலம் 2047. நாட்டின் பெயர் ஆரியவர்த்தம். நகரம் மதிற்சுவர்களால் சமூகவாரியாகப் பிளக்கப்பட்டிருக்கிறது. காற்று நஞ்சாகிவிட்டது, தண்ணீர் பொன்னினும் அரிதாகிவிட்டது. முஸ்லிம் ஒருவரை மணந்த ஷாலினியின் வீட்டுக்குள் ஒரு நாள் குண்டர்கள் புகுகிறார்கள். கணவன் கொல்லப்படுகிறான்; மகள் லைலா பறிபோகிறாள்; ஷாலினியோ ‘தூய்மை’ முகாமுக்கு அனுப்பப்படுகிறாள். மகளைத் தேடும் தாயின் அலைச்சலே கதை.

பார்த்தவர்கள் இரு அணிகளாகப் பிரிந்தனர். ஒரு சாரார் இது இந்து மதத்தின் மீது காட்டப்பட்ட வெறுப்பு என்றனர். சமூக ஊடகங்களில் புறக்கணிப்பு முழக்கங்கள் எழுந்தன. மறு சாரார், “இது கற்பனையே அன்று, நாளைய செய்தித்தாள்” என அஞ்சினர். மார்கரெட் அட்வுட்டின் நாவலிலிருந்து உருவான அமெரிக்கத் தொடரின் நிழல் இதில் மிகுதி என்றவர்களும் உண்டு. இத்தனை காவலுக்கு நடுவே ஷாலினி எளிதில் தப்பிச் செல்வதையும், கதை அந்தரத்தில் நின்றுவிடுவதையும் பலர் குறை கூறினர். கதை சொல்லும் முறை பற்றிய இக்குறைகளில் நியாயம் உண்டு. ஆனால் ‘நடக்குமா, நடக்காதா’ என்ற வாதம் வேறு வகையானது. அதற்கான விடை, பார்ப்பவர் சுவரின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

தொடர் வெளியான அதே மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஒரு மாதம் நிறைவதற்குள், ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இரயிலில் சென்னை வந்து சேர்ந்தது. திரையில் 2047 என்று போட்டிருந்ததை 2019இலேயே குடமும் கையுமாக நின்று பார்த்தவர்கள் நம் மக்கள்.

பெங்களூருவின் முறை 2024இல் வந்தது. நகரின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று துணை முதலமைச்சரே அறிவித்தார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கர் தண்ணீருக்கு 600 ரூபாய் என மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது. அந்த நாட்களில், எங்கள் தெருவுக்குப் பின்னுள்ள சந்தில் குடியிருக்கும் திருவண்ணாமலைப் பெண்மணி ஒருவர் என்னிடம் சொன்னார்: “நான் வேல செய்யுற வீட்டுல பாத்திரம் கழுவத் தண்ணி இருக்குது அண்ணா. எம் புள்ளயக் குளிப்பாட்டத்தான் இல்ல.” அவர் ‘லைலா’வைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் “நடக்குமா?” என்று கேட்டிருக்க மாட்டார்.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் நீருக்கு வழி பிறந்தது. வரவேற்க வேண்டியதே. ஆயினும் ஏரிகளை விழுங்கிய மனை வணிகத்தையும், நிலத்தடி நீரை உறிஞ்சி விற்கும் சந்தையையும் தொடாமல், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எவ்வளவு நீரை ஏற்றி வந்தாலும் அது முதலில் யார் தொட்டியை நிரப்பும் என்பதை நாம் அறிவோம்.

தண்ணீர்ப் பஞ்சத்திலிருந்து இனவெறுப்புக்குத் தாவுவது மிகை என்பாரும் உண்டு. பெங்களூருத் தமிழர் அப்படிச் சொல்ல முடியாது. 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டி டிசம்பரில் மூண்ட வன்முறையில், உழைக்கும் தமிழர்களின் குடிசைகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். 2016 செப்டம்பரிலும் பேருந்துகள் எரிந்தன. தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டுக்குள் மறைத்துக் காத்த கன்னட அண்டை வீட்டாரைப் பற்றி மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீரைப் பங்கிடத் தவறிய அமைப்பு, நீருக்குப் பதிலாக ஒரு பகைவனை மக்களுக்குக் காட்டுகிறது. ‘லைலா’ இந்த உண்மையைத் தொட்டிருக்கிறது. அதைக் கண்டு சிலர் கொதித்ததே அது தைத்துவிட்டது என்பதற்குச் சான்று.

அப்படியானால் தொடரில் நம்ப முடியாதது எது? நாவலிலும் தொடரிலும் பேரழிவு என்பது வசதியான ஒரு குடும்பம் தன் வாழ்வை இழப்பது. லைலாவைத் தன் மகளாக வளர்ப்பவள், முன்பு அவ்வீட்டில் வேலை செய்த சப்னா என்பதே ஷாலினி மீது விழும் பேரிடி. சப்னாக்கள் எத்தகைய நாட்களைக் கடந்து வந்தனர் என்று கதை கேட்பதில்லை. செல்வர்களைக் குளிர்விக்க எழுப்பப்படும் வான்கூரை வெளியிலுள்ள சேரிகளை வாட்டும் என்ற கூர்மையான கற்பனை அதில் இருக்கிறது. ஆனால் அச்சேரி மக்கள் பின்னணியாகவே நிற்கிறார்கள். எதிர்ப்பு என்பது ஒரு சிலரின் இரகசியச் சதியாகச் சுருங்கிவிடுகிறது. உழைப்பாளிகள் கூடிப் பேசுவதில்லை, வேலையை நிறுத்துவதில்லை, சாலைக்கு வருவதில்லை.

இதுவே எனக்கு நம்பமுடியாததாகப் படுகிறது. ஏனெனில் 2016 ஏப்ரலில் இதே பெங்களூருவில், வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு ஒன்றிய அரசு விதித்த புதிய கட்டுப்பாட்டை எதிர்த்து, ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாகத் தெருவில் இறங்கினர். பெரும்பாலோர் பெண்கள். இரண்டே நாட்களில் அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அதற்கு முந்தைய வாரம் எவரேனும் இதைக் கதையாக எழுதியிருந்தால், “இப்படியெல்லாம் நடக்குமா?” என்று கேட்டிருப்பார்கள்.

சிலப்பதிகாரம் பாலையைத் தனியொரு நிலமாகக் காண்பதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்கிறது. ஆரியவர்த்தமும் அத்தகையதே, எங்கிருந்தோ 2047இல் வந்து இறங்கும் நாடு அன்று. பூட்டிய குழாயிலும், அடுக்ககத்தின் மதிலிலும், “உன் தண்ணீரை அவன்தான் குடிக்கிறான்” என்ற பேச்சிலும் நம் நிலம் இன்றே திரிந்துகொண்டிருக்கிறது.

திரிந்த நிலம் மீண்டும் முல்லையாகும். ஆனால் நம் நகரங்களுக்கு அந்த மழை வானத்திலிருந்து மட்டும் வராது. டேங்கர் வரிசையில் நிற்கும் தமிழரும் கன்னடரும் ஒரே கோரிக்கையைக் கையிலேந்தும் நாளில் அது தொடங்கும். நடக்குமா என்று கேட்போருக்கு, 2016 ஏப்ரலைச் சுட்டிக்காட்டுவோம்.