இரங்கலுக்குமா பொறி?

மக்கள் தொடர்பு என்னும் தொழிலுக்குச் சொல்லே முதல். அம்முதலைச் செயற்கை நுண்ணறிவு இன்று நொடிப்பொழுதில் விளைத்துக் குவிக்கின்றது. 2022 நவம்பரில் சாட்-சிபிடி வெளிவந்த பின்னர், செய்திக்குறிப்பு வரைதல், நாளிதழ்ச் செய்திகளைச் சுருக்கித் தொகுத்தல், ஓர் அறிக்கையைப் பல மொழிகளிற் பெயர்த்தல் முதலிய பணிகளை இத்தொழிலர் பலர் பொறியிடம் ஒப்படைத்து வருகின்றனர். அதிற் குற்றமில்லை. ஆனால், எதனை ஒப்படைக்கலாம், எதனை ஒப்படைக்கலாகாது என்னும் வரம்பு வேண்டாவா?

இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவராகிய ஐவி லீ, 1906-இல் அமெரிக்கச் செய்தித்தாள்களுக்கு விடுத்த அறிக்கையில், தம் பணி வெளிப்படையாக நடைபெறும் என்றும், தாம் தரும் செய்தியைச் சரிபார்க்கத் தாமே உதவுவதாகவும் உறுதி கூறினார். அமெரிக்க மக்கள் தொடர்புக் கழகம் 2023 நவம்பரில் செயற்கை நுண்ணறிவு பற்றி வெளியிட்ட நெறிக்குறிப்புகளும் வெளிப்படையாக நடத்தலையும் சரிபார்த்தலையுமே வலியுறுத்துகின்றன. நல்லனவே, ஆயினும் அவை மட்டும் போதா.

2023 பிப்ரவரி 13-ஆம் நாள் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாள்களில், தென்னசி மாநிலத்து வாண்டர்பில்டுப் பல்கலைக்கழகத்தின் பீபாடிக் கல்லூரி அலுவலகம் ஒன்று தன் மாணவர்க்கு ஆறுதல் மடல் விடுத்தது. அம்மடலின் அடியில், அது சாட்-சிபிடி தந்ததைத் தழுவியது என்னும் குறிப்பு இருந்தது. மாணவர் கொதித்தெழுந்தனர். மடல் விடுத்தோர் மன்னிப்பு வேண்டினர்.

எண்ணிப் பாருங்கள்! பொறியின் துணையை அம்மடல் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே கூறிற்று. அதிலிருந்த பிழைகளை எல்லாம் களைந்திருப்பினும் அது புண்படுத்தியே இருக்கும். ஏன்? செய்திக்கு உண்மை போதும். இரங்கலுக்கு உள்ளம் வேண்டும். துயருற்றார் அருகே வாய்திறவாது அமர்ந்திருப்பவனும் ஆறுதல் தருகின்றான். தன் பொழுதையும் உள்ளத்தையும் அவன் அங்கே ஈகின்றான் என்பதே அவ்வாறுதல். அவ்வீகை இல்லாத மடல் எத்துணை நடையழகு பெற்றிருப்பினும் வெறுந்தாளே! மன்னிப்பு வேண்டலும் உறுதிமொழி கூறலும் அத்தகையனவே.

ஆகலின், செய்தியைப் பொறி வரையட்டும், நீங்கள் சரிபாருங்கள். இரங்கலையும் மன்னிப்பையும் உறுதிமொழியையும் அதனிடம் விடாதீர்கள். பிறர்க்காக எழுதித் தருவதே எம் தொழில் என்பீராயின், உரியவரிடம் சென்றமர்ந்து, அவர் உள்ளத்தைக் கேட்டறிந்து எழுதுங்கள். நான்கு வரியாயினும், நடை தடுமாறினும் தாழ்வில்லை. சொல்வான் இல்லாத சொல்லுக்குக் கேட்பானும் இல்லாமற் போவான்.