அஞ்சும் நாய்க்கு அடி மருந்தாகாது

தீபாவளி இரவில் சிதம்பரம் கீழவீதியில் வெடியோசை கேட்டதும், வாலைக் கால்களுக்கிடையே சுருட்டிக்கொண்டு, தேர்ச்சக்கரத்தருகே ஒண்டி நடுங்கும் நாயைக் கண்டவர்க்கு, மறுநாள் அதே பிராணி பல்லைக் காட்டிச் சீறுவது குரோதமன்று, பயத்தின் ரூபாந்தரமே என்பது விளங்கும்.

ஆகவே, கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குத் தம் நாயை அழைத்துச் செல்பவர், அது ஜனக்கூட்டத்தைக் கண்டு குரைக்கையில் சங்கிலியைச் சுண்டி இழுக்காமல், அது நிதானமாயிருக்கும் தூரத்துக்கு விலகி நின்று, ஆட்கள் கண்ணில் படுந்தோறும் ஒரு துண்டு அவித்த முட்டையை அளித்து வந்தால், ஓசையையும் உணவையும் இணைத்து ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கண்ட உண்மையின்படி, அச்சம் மெல்ல மெல்ல ஆவலாக மாறும்.

தெருநாயின் சீற்றத்துக்கும் அச்சமே வேர். கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லும் 2023ஆம் ஆண்டு விதிகள் நகராட்சிக்கு உரியவை. கல்லெறியாதிருக்கும் தர்மமோ நமக்கு உரியது.