கவுண்டர் மூன்று, வரி இரண்டா?

2025 செப்டம்பர் 22-ஆம் தேதியை நமது மளிகை வணிகர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், நெய்க்கு 12-லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்த நாள் அது. கவுன்சில் முடிவு செய்தது 3-ஆம் தேதி. இடையே மூன்று வாரம்கூட இல்லை.

மூன்று கவுண்டர் உள்ள நம் உறுப்பினர் கடை ஒன்றில், பில்லிங் மென்பொருளைப் புதுப்பிக்க வந்தவர் இரண்டு கணினிகளை முடித்துவிட்டு மூன்றாவதை மறந்துவிட்டார். ஒரே சோப்புக்கு ஒரு கவுண்டரில் 5 சதவீதம், பக்கத்துக் கவுண்டரில் 18! வாடிக்கையாளர் முன் தலைகுனிந்தவர் கடைக்காரர்தான். மென்பொருள் கம்பெனி அல்ல. வரி என்று கூடுதலாக வாங்கியதை அரசுக்குக் கட்டியாக வேண்டும். குறைவாக வாங்கினால் கைக்காசு போகும்.

இதற்கு வழி உண்டு. செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதி வைத்த கட்டளைக் கோப்பைக் கணினித் துறையில் ‘ஸ்கிரிப்ட்’ என்பார்கள். கடைப் பையனிடம் நாம் சீட்டு எழுதிக் கொடுப்பது போலத்தான். முதலில் கணக்கு முழுவதையும் தனியாக நகல் எடு, இப்போதுள்ள பதிப்பு எண்ணைப் பார், புதியதை ஏற்று, எண் மாறியதா என்று சரிபார், எங்கே தவறினாலும் நிறுத்தி, பழைய நிலைக்குத் திரும்பு. கவுண்டர்களின் பட்டியலையும் அதில் எழுதிவிட்டால் மூன்றாவது கணினி விட்டுப்போகாது.

ஆனால் எழுதியவர் தவறினால் ஸ்கிரிப்டும் தவறும். 3.9-க்கு அடுத்த பதிப்பு 3.10. அதைத் தசம எண்ணாகப் படிக்கும் ஸ்கிரிப்ட், ‘இது பழையது’ என்று ஒதுக்கிவிடும். ஆகவே கடை அடைத்த பிறகு, முதலில் ஒரு கணினியில் ஓட்டி, மாதிரி பில் போட்டுப் பார்த்த பின்பே மற்றவற்றில் ஓட்ட வேண்டும். 21-ஆம் தேதி வரை போட்ட பில்களில் பழைய வரியே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆண்டுச் சந்தா வாங்கும் கம்பெனிகள், பென்டிரைவோடு ஆள் வரும்வரை நம்மைக் காக்க வைப்பது நியாயமல்ல. சோதித்த ஸ்கிரிப்டை வரி மாறும் நாளுக்கு முன்பே தருவது அவர்கள் கடமை என்பதே நமது கருத்து. உறுப்பினர்கள் சந்தாவைப் புதுப்பிக்கும்போது இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் கோப்பை ஓட்டவே வேண்டாம்.

தராசு முள் நேராக நிற்கிறதா என்று பார்த்துத்தான் எடை போடுகிறோம். பில் போடும் கணினிக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.