குறுவட்டத்தில் தோற்ற பிள்ளைக்கும் அந்த அரங்கத்தில் இடம் வேண்டும்

 

சென்னை பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்கத்தில் சினிமா பாடல் வெளியீட்டு விழா நடக்கும்போதெல்லாம் ஒரு சண்டை கிளம்பும். "விளையாட்டுக்குக் கட்டிய இடத்தில் நடிகருக்கு என்ன வேலை?" என்பார்கள் ஒரு சாரார். "வாடகை வருகிறதே, உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்பார்கள் மறுசாரார். 2022-இல் 'பொன்னியின் செல்வன்', அதே ஆண்டு டிசம்பரில் 'வாரிசு', 2023-இல் 'ஜெயிலர்' என்று பெரிய படங்களின் விழாக்கள் அங்கேதான் நடந்தன. 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்ததும் அதே அரங்கத்தில்தான். புரோ கபடி ஆட்டங்களும் அங்கே நடந்திருக்கின்றன.

நான் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை. சினிமா விழா நடக்கட்டும். ஏறக்குறைய எட்டாயிரம் பேர் உட்காரும் குளிரூட்டிய அரங்கம் அது. பூட்டி வைத்தாலும் செலவு உண்டு. விளையாட்டை மட்டும் வைத்து ஆண்டு முழுவதும் அதை நிரப்ப முடியாது. மற்ற ஊர்களிலும் இப்படித்தான். சிங்கப்பூர் உள்விளையாட்டு அரங்கத்தில் இறகுப்பந்துப் போட்டியும் நடக்கும், பாட்டுக் கச்சேரியும் நடக்கும். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஐஸ் ஹாக்கித் தளத்தின் மேலேயே பலகை பரப்பிக் கூடைப்பந்து ஆடுகிறார்கள். பல்நோக்கு அரங்கம் என்றால் அதுதானே?

என் கேள்வி வேறு. அத்தனை நோக்கங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரு நோக்கமா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். திருவள்ளூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்தேன். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இல்லாததால் பெண் பிள்ளைகளின் கபடி அணி என் பொறுப்பில் வந்தது. ஆடுகளம் பள்ளிக்குப் பின்னால் இருந்த சரளை மண். சுண்ணாம்பால் கோடு போடுவோம். ஆட்டம் முடிந்தால் முட்டியில் ரத்தம் இல்லாத பிள்ளை இருக்காது. அலமாரியில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்திலேயே பஞ்சும் மருந்தும் வைத்திருப்பேன்.

2018 அக்டோபரில், நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, எட்டுப் பிள்ளைகளையும் இரண்டு தாய்மார்களையும் அழைத்துக்கொண்டு மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து பெரியமேட்டுக்கு நடந்தே போய் புரோ கபடி பார்த்தோம். பழைய மாணவர் ஒருவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். இசை, விளக்கு, கூச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், எத்தனை தடவை விழறாங்க. முட்டியில ரத்தமே வரலையே சார்?"

விரிப்பைக் காட்டிச் சொன்னேன். நுரை போன்ற பொருளில் செய்த துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பரப்பியிருக்கிறார்கள், ஆட்டம் முடிந்ததும் கழற்றி அடுக்கிவிடலாம் என்றேன். உடன் வந்த தாய்மார்களில் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, "இப்படி ஒரு இடம்னா எம் பொண்ணு எத்தனை வருஷம் வேணாலும் ஆடட்டும் சார்" என்றார்.

எங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இல்லை. அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணைக் கபடியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "முட்டியெல்லாம் தழும்பு, நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று பாட்டி சொன்னாராம். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். கிராமத்தில் பெண் பிள்ளைகள் விளையாட்டை விடுவதற்கு நான் கேட்ட காரணங்களில் பாதி இதுதான்.

இது வலி, தழும்போடு முடிகிற விஷயமும் இல்லை. மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறோம், விரிப்பில் காலணி போட்டு ஆட வேண்டும். கால் பிடிமானம் வேறு, திரும்பும் வேகம் வேறு. மண்ணில் மட்டுமே பழகிய பிள்ளை மேல்மட்டப் போட்டிக்குப் போய் முதன்முதலாக விரிப்பில் நின்றால் தடுமாறத்தான் செய்வாள். நாம் உடனே "திறமை போதாது" என்று எழுதிவிடுவோம்.

கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய அணியோடு தங்கம் வென்றபோது நாமெல்லாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவுக்கு வரும் பிள்ளைகளும் நல்ல ஆடுகளங்களைப் பார்க்கிறார்கள். மகிழ்ச்சி. நான் பேசுவது குறுவட்டப் போட்டியிலேயே தோற்று, மாலையில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடும் பிள்ளையைப் பற்றி. அவளுக்கு அந்த அரங்கம் கைப்பேசியில் பார்க்கும் சினிமா விழா மட்டும்தான்.

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: அரங்கம் எத்தனை நாள் வாடகைக்குப் போகிறதோ, அத்தனை காலைப் பொழுதுகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பெரும்பாலான விழாக்கள் மாலையில்தான். வேறொரு நாள் காலையில் விரிப்பைப் போட்டு, பிள்ளைகளை ஆட விடுங்கள். பார்க்க மட்டும் அழைக்காதீர்கள், ஆட அழையுங்கள்.

இரண்டு: அந்தக் காலைப் பொழுதுகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிட்டு, மீதி நாட்களை வாடகைக்குக் கொடுங்கள். மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்றால் மிச்சம் ஒருநாளும் இருக்காது. பள்ளிக்கூடத்தில் நூலகப் பாடவேளைக்கு என்ன கதி என்பது என் சக ஆசிரியர்களுக்குத் தெரியும்.

மூன்று: பெரிய போட்டிகளில் பயன்படுத்தி ஓய்ந்த விரிப்புகளைப் பள்ளிகளுக்குக் கொடுங்கள். பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம்தான். அந்த அளவுக்கு ஒரு மூடிய கூடம் பல பள்ளிகளில் இருக்கிறது. இல்லாவிட்டால் சமுதாயக் கூடம் இருக்கிறது.

"பஸ் செலவு யார் கொடுப்பது, அரங்கத்தைப் பிள்ளைகள் பாழாக்கிவிட்டால்?" என்று கேட்பார்கள். ஒரு சினிமா விழாவுக்கு லாரி லாரியாக இரும்புச் சட்டங்களை இறக்கி மேடை போடுகிறோம். அதைத் தாங்கும் அரங்கம் நாற்பது பிள்ளைகளின் காலையும் தாங்கும். ஒரு நாள் வாடகையில் சிறு பங்கு ஒதுக்கினால் பஸ் செலவுக்குப் போதும்.

அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினாள். "இப்பவும் கபடி பார்க்கிறேன் சார்" என்று எழுதியிருந்தாள். ஆடுகிறேன் என்று எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அரங்கம் பக்கம் பொறுப்பில் இருப்பவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்கள் கண்ணில் படும்படி செய்யுங்கள். ஆசிரிய நண்பர்கள் உங்கள் பள்ளி ஆடுகளம் எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். சேர்த்து ஒரு மனுவாக எழுதிக் கொடுப்போம்.