பேச்சுக்கும் தராசு வேண்டும்!

எடை போடாமல் சரக்கு விற்றால் என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்குகிறவனுக்கு நஷ்டம், விற்கிறவனுக்குக் கெட்ட பெயர். ஆனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆஸ்பத்திரியில் மட்டும் முக்கியமான ஒன்றை நாம் எடை போடுவதே இல்லை. கட்டில் எத்தனை, ஸ்கேன் மெஷின் எத்தனை, ஆபரேஷன் எத்தனை என்று அரசு கணக்குக் காட்டும். மாத்திரையை எப்போது, எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்குப் புரியும்படி நர்ஸ் சொன்னாரா என்ற கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது?

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. டாக்டர் வார்டைச் சுற்றி வருவது சிறிது நேரம்தான். இரவும் பகலும் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ். இன்சுலின் ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது, பிரசவித்த பெண்ணுக்கு எந்த அளவு ரத்தப்போக்கு ஆபத்து, காசநோய் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதையெல்லாம் பெரும்பாலும் அவர்தான் சொல்லியாக வேண்டும். அது புரியாமல் வீட்டுக்குப் போகிறவர், நோய் முற்றிய பிறகே திரும்பி வருகிறார்.

அளக்க முடியுமா?

பேச்சை எப்படி அளப்பது என்று கேட்கலாம். அமெரிக்காவில் அளக்கிறார்கள். அங்கே 'எச்-கேப்ஸ்' என்றொரு கருத்துக் கணிப்பு நடக்கிறது. நர்ஸைப் பற்றி அதில் மூன்றே கேள்விகள். உங்களை மரியாதையாக நடத்தினார்களா? நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்களா? உங்களுக்குப் புரியும்படி விளக்கினார்களா? ஒருபோதும் இல்லை, சில சமயம், பெரும்பாலும், எப்போதும் என்று நான்கு விடைகள். 'எப்போதும்' என்று சொன்னவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே பிரதான மதிப்பெண். வீடு திரும்பி 2 நாட்கள் கழிந்த பிறகே கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்கள் பதிலைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. 2008 மார்ச் முதல் ஆஸ்பத்திரிவாரியாக முடிவுகள் பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன. 2012 அக்டோபர் முதல், முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் ஆஸ்பத்திரிக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கையே இத்தகைய மதிப்பெண்கள் தீர்மானிக்கின்றன.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது. மதிப்பெண்ணுக்காகவே நர்ஸ்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைத்த ஆஸ்பத்திரிகள் உண்டு. வலியைத் தணித்தார்களா என்ற கேள்விக்கு மதிப்பெண் வாங்க வலி மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பார்களோ என்ற அச்சம் எழுந்தது. 2016ல் அந்தக் கேள்வியைப் பணக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. தராசைப் பிடிக்கிறவன் கை சாய்ந்தால் தராசும் சாயும். அதற்காகத் தராசே வேண்டாம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

நமது நாட்டின் நிலை

நமது மத்திய அரசும் 2016ல் 'மேரா அஸ்பதால்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. சிகிச்சை பெற்றவரின் செல்போனுக்குச் செய்தி அனுப்பித் திருப்தியா இல்லையா என்று கேட்பார்கள். இல்லை என்றால் காரணம் கேட்பார்கள். ஊழியர் நடத்தை என்பது அந்தக் காரணங்களில் ஒன்று. திட்டினார்களா என்பது இதில் தெரியலாம். புரியும்படி சொன்னார்களா என்பது எப்படித் தெரியும்?

செல்போனே இல்லாத பெண்ணிடம் யார் கேட்பது? கணவனின் போனுக்கு வரும் செய்திக்குக் கணவன்தானே பதில் சொல்வான்? ஆம்பூரில், வாணியம்பாடியில் உருது மட்டுமே தெரிந்த மூதாட்டி, திருப்பூரில் ஒரியா மட்டுமே பேசும் தொழிலாளி - விளக்கம் அதிகம் தேவைப்படுகிற இவர்கள்தானே கணக்கில் முதலில் விடுபடுகிறார்கள்?

நர்ஸ் மட்டும்தான் குற்றவாளியா?

இங்கே ஒன்றை நாம் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நர்ஸின் பேச்சை அளப்பவர்கள் நர்ஸின் சுமையையும் அளக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒருவர், மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. ஏதாவது ஓர் அரசு ஆஸ்பத்திரி வார்டுக்கு இரவில் போய் எண்ணிப் பாருங்கள். உண்மை விளங்கும்.

தமிழக அரசு 2015ல் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்த ஆயிரக்கணக்கான செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். வயிறு காய்ந்தவரிடம் இன்முகத்தை மட்டும் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? நர்ஸ்கள் போதிய அளவு உள்ள ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் திருப்தியும் ஓரளவு கூடுதலாக இருப்பதை, 2008ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மேற்சொன்ன அமெரிக்கக் கணிப்பை வைத்தே எடுத்துக் காட்டினார்கள். ஆள் போடாமல் மதிப்பெண் மட்டும் போட்டால், அது அளவீடு அல்ல, தண்டனை.

நாம் கேட்க வேண்டியது

முதலாவது, அந்த மூன்று கேள்விகளும் நமது அரசு ஆஸ்பத்திரிகளிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கேட்கப்பட வேண்டும். வார்டில் வைத்து ஊழியர் கேட்டால் உண்மை வராது. வீட்டுக்குப் போன பின், வெளியார் கேட்க வேண்டும்.

இரண்டாவது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் அவர்கள் மொழியிலேயே வாய்மொழியாகக் கேட்க வேண்டும். பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு வார்டின் மதிப்பெண்ணோடு அங்கே ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்து வாசலில் எழுதி வைக்க வேண்டும். யார் மீது தவறு என்பதை மக்களே தெரிந்துகொள்வார்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. உள்ளூர் வியாபாரிகள் அதன் நிர்வாகிகளைச் சந்தித்து இந்தக் கோரிக்கைகளை எழுத்து மூலம் கொடுக்கலாம். ரத்த தானத்திற்காக ஆஸ்பத்திரிப் படி ஏறுகிற இளைஞர்கள், வீடு திரும்பிய நோயாளிகளைத் தேடிப் போய், "எப்போது மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொன்னார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். பதில் தெரியாமல் விழிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று குறித்துக் கொள்ளுங்கள். அந்தக் கணக்கோடு போய் நின்றால், அதிகாரிகளால் நம்மைத் தட்டிக் கழிக்க முடியாது.